குசினேர் கோல்கள்: முதலிரு வகுப்புகளின் கணித மேசைக்கு ஒரு மதிப்புரை

பத்து நீளங்கள், பத்து நிறங்கள், எண்ணோ கோடோ அச்சிடப்படாத வழவழப்பான பக்கங்கள். குசினேர் கோல்களின் பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படுவது இவ்வளவுதான். தொடக்கப் பள்ளியின் முதலிரு வகுப்புகளுக்கென விற்கப்படும் வண்ண மணிச்சட்டங்கள், பழ உருவில் வார்த்த எண்ணிகள், பொத்தானை அழுத்தினால் பேசும் எண் பலகைகள் ஆகியவற்றின் நடுவே இந்தப் பெட்டி சற்று வறண்டதாகவே தோன்றும். ஆனாலும், பிள்ளைகள் கையால் செய்து கணிதம் கற்பதற்கு ஒரே ஒரு பொருளைத்தான் வாங்க இயலும் என்ற நிலையில் இருக்கும் பள்ளிக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். அதற்கு முதன்மைக் காரணம் அந்த வறட்சியே.

பொருளின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கோல்களின் குறுக்குவெட்டும் ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம். நீளம் மட்டும் 1 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டர் வரை ஒவ்வொன்றாகக் கூடுகிறது. வெள்ளை 1, சிவப்பு 2, இளம்பச்சை 3, ஊதா 4, மஞ்சள் 5, கரும்பச்சை 6, கறுப்பு 7, பழுப்பு 8, நீலம் 9, ஆரஞ்சு 10. இந்த நிறங்கள் ஏதோ கைக்கு வந்தபடி பூசப்பட்டவை அல்ல. 2, 4, 8 ஆகியவை சிவப்புச் சாயல் கொண்ட ஒரு குடும்பம். 3, 6, 9 பச்சை, நீலச் சாயல் கொண்ட இன்னொரு குடும்பம். 5, 10 மஞ்சள் குடும்பம். எதனோடும் சேராத 7 கறுப்பாகத் தனித்து நிற்கிறது. பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பல மாதங்கள் கழித்துப் பெருக்கல் பக்கம் வரும்போது அவர்களே கவனித்துக் கேட்பார்கள்.

ஜார்ஜ் குசினேர் என்ற பெல்ஜிய நாட்டுப் பள்ளி ஆசிரியர் உருவாக்கிய கோல்கள் இவை. அவர் தமது முறையை 1952-இல் அச்சில் வெளியிட்டார். மறு ஆண்டு காலெப் கத்தேனோ என்ற கணிதக் கல்வியாளர் அவருடைய வகுப்பை நேரில் பார்த்து, அதன் பின்னர் இந்தக் கோல்களைப் பல நாடுகளுக்கும் எடுத்துச் சென்றார். இவற்றுக்கு முன்பே மரியா மாண்டிசோரியின் எண் கோல்கள் புழக்கத்தில் இருந்தன. அவை 10 சென்டிமீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை நீளமுடையவை. ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் சிவப்பு, நீலம் என நிறம் மாறி மாறி வருவதால், எந்தக் கோலையும் விரல் வைத்து எண்ணிவிடலாம். குசினேர் கோலை அப்படி எண்ண முடியாது. வாங்க நினைப்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு இதுதான். பொருளின் வலிமையும் குறையும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் புறப்படுகின்றன.

ஒன்றாம் வகுப்பில் கூட்டல், கழித்தல் என்று வந்ததும் பெரும்பாலான பிள்ளைகள் எல்லாவற்றையும் எண்ணியே முடிக்கப் பார்க்கிறார்கள். 7-இலிருந்து 3-ஐக் கழி என்றால் ஏழு எண்ணிகளை வைத்து, மூன்றை எடுத்துவிட்டு, மீதியை ஒன்று, இரண்டு என்று மீண்டும் எண்ணுவார்கள். விடை சரியாகவே வரும். ஆனால் ஏழுக்கும் மூன்றுக்கும் இடையில் உள்ள உறவு எதுவும் அவர்கள் மனத்தில் பதிவதில்லை. அடுத்த கணக்கையும் முதலிலிருந்தே தொடங்குவார்கள். கோல்களோடு இதே கணக்கு வேறு உருவம் எடுக்கிறது. கறுப்புக் கோலையும் இளம்பச்சைக் கோலையும் இடப்பக்க முனைகள் ஒட்டியிருக்குமாறு மேலும் கீழுமாக வைக்கச் சொல்வேன். "டீச்சர், கறுப்புதான் பெரிசு" என்று பதில் உடனே வரும். "எவ்வளவு பெரிசு?" என்று கேட்டால், சற்று நேரம் அமைதி. பிறகு அந்த இடைவெளியை நிரப்பும் கோலைத் தேடும் வேலை தொடங்கும். சிவப்பு வைத்துப் பார்த்துப் போதாது என்று எடுத்துவிட்டு, மஞ்சள் வைத்து அது வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு, கடைசியில் ஊதா வைத்ததும் விளிம்பு சமமாவதை விரல் நுனியால் தடவிப் பார்த்து உறுதி செய்துகொள்வார்கள். இந்தத் தேடலில் எண்ணுவதற்கே இடமில்லை. கழித்தல் என்பது எடுத்துப் போடுவது மட்டுமன்று, இரண்டு அளவுகளின் வேறுபாடும் அதுவே என்பது அந்த மேசையிலேயே கண்கூடாகக் கிடைக்கிறது. மூன்றும் நான்கும் ஏழு என்பதும், ஏழில் நான்கு போனால் மூன்று என்பதும் அதே மூன்று கோல்களில் அப்படியே கிடக்கின்றன.

அடுத்து, ரயில் கட்டும் செயல்பாடு. ஒரு கோலைக் கொடுத்து, அதே நீளத்துக்கு வேறு கோல்களை வரிசையாக இணைத்து எத்தனை விதமாகக் கட்டலாம் என்று கேட்பது. வரிசை மாறினால் அது வேறு ரயில், கொடுத்த கோல் தனியே நின்றாலும் அதுவும் ஒரு ரயில் என்று வைத்துக்கொண்டால், சிவப்புக்கு 2 விதம், இளம்பச்சைக்கு 4, ஊதாவுக்கு 8, மஞ்சளுக்கு 16. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஊதா வரைக்கும் தாங்களாகவே வந்துவிடுகிறார்கள். எட்டும் வந்துவிட்டதா, ஏதேனும் விட்டுப்போனதா என்பதை எப்படி உறுதி செய்வது என்ற கேள்வியில்தான் வகுப்பு சூடு பிடிக்கிறது. சிலர் முதல் பெட்டியின் நிறத்தை வைத்துப் பிரிக்கிறார்கள், சிலர் ரயிலில் எத்தனை பெட்டிகள் என்பதை வைத்து. முறைப்படி தேடுவது, ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று மற்றவரை ஏற்கச் செய்வது ஆகிய இரண்டும் அந்த வயதில் வேறு எந்தக் கணிதப் பயிற்சியிலும் இவ்வளவு இயல்பாக வருவதை நான் பார்த்ததில்லை.

எண் அச்சிடாததன் முழுப் பயனும் பின்னங்களில் தெரிகிறது. ஆரஞ்சுக் கோலை 10 என்று எழுதி விற்றிருந்தால் அது என்றைக்கும் 10-ஆகவே இருந்திருக்கும். எழுதாததால், இன்றைக்குக் கரும்பச்சைதான் ஒன்று என்று வைத்துக்கொள்வோம் என ஆசிரியர் சொல்ல முடிகிறது. அப்போது இளம்பச்சை அரை, சிவப்பு மூன்றில் ஒன்று, வெள்ளை ஆறில் ஒன்று. மறுநாள் பழுப்பை ஒன்று என்றால் ஊதா அரையாகிறது, சிவப்பு கால் ஆகிறது. முந்தைய நாள் மூன்றில் ஒன்றாக இருந்த சிவப்பு இன்றைக்கு எப்படிக் காலானது என்ற குழப்பம் சில பிள்ளைகளுக்கு வரத்தான் செய்யும். அந்தக் குழப்பத்தை நான் வரவேற்கிறேன், ஏனெனில் பின்னம் என்பது எதன் பகுதி என்பதைப் பொறுத்தது என்ற உண்மையை அதைவிடச் சுருக்கமாக உணர்த்தும் வழி எனக்குத் தெரியவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, சில தயாரிப்பாளர்கள் சென்டிமீட்டருக்கு ஒரு கோடு செதுக்கி விற்கும் கோல்களை வாங்க வேண்டாம் என்பேன். உதவியாக இருக்கட்டும் என்று போட்ட கோடு பிள்ளைகளை மீண்டும் எண்ணலுக்கே இழுத்துக்கொண்டு போய்விடும்.

இங்கே ஒரு முரண்பாட்டைப் பேசாமல் போக முடியாது. இந்தக் கோல்களோடு வரும் கையேடுகள் பெரும்பாலும் முதலில் சில வகுப்புகளைச் சுதந்திர விளையாட்டுக்கு விடச் சொல்கின்றன; கோபுரம், பாலம், வீடு என்று பிள்ளைகள் விருப்பம்போல் கட்டலாம். மறுபுறம், வளர்ச்சி உளவியலாளர் ஜூடி டிலோச் சிறு குழந்தைகளிடம் ஓர் அறையின் சிறு மாதிரியைக் காட்டி, அதில் ஒளித்த பொம்மையை வைத்துப் பெரிய அறையில் உள்ள பொம்மையைக் கண்டுபிடிக்கச் சொன்ன ஆய்வுகளில், அந்த மாதிரியோடு முன்கூட்டியே விளையாடிய மூன்று வயதுக் குழந்தைகள் தேடலில் பின்தங்கினார்கள் என்று கண்டார். ஒரு பொருள் விளையாட்டுப் பொருளாக எவ்வளவு ஈர்க்கிறதோ, வேறொன்றின் குறியீடாக அதைப் பார்ப்பது அவ்வளவு கடினமாகிறது என்பது அவர் கருத்து. பழ உருவ எண்ணிகள் மீது எனக்குள்ள ஐயத்துக்கு அடிப்படை இதுவே. ஆப்பிளைக் கண்ட பிள்ளைக்கு அது முதலில் ஆப்பிள்தான், எண் என்பது அதற்குப் பிறகு வருவது. கோல்களின் நிலை சற்று வேறு. கோபுரம் கட்டும் பிள்ளை, ஒரு பக்கச் சுவர் மஞ்சள் என்றால் மறுபக்கத்துக்கு ஒரு சிவப்பும் ஓர் இளம்பச்சையும் போட்டால்தான் கூரை சாயாமல் நிற்கும் என்பதை விளையாட்டின் போக்கிலேயே கற்றுக்கொள்கிறது. விளையாட்டில் பயன்படும் பண்பும் கணிதத்துக்கு வேண்டிய பண்பும் நீளம் என்ற ஒன்றே. ஆகவே விளையாட்டு நேரத்தை நான் குறைக்கச் சொல்ல மாட்டேன். கோல்களுக்கு மூக்கும் கண்ணும் வரைந்து ஒட்டிப் பொம்மையாக்குவதை மட்டும் தவிர்க்கச் சொல்வேன்.

குறைகளுக்கு வருகிறேன். பத்துக்குள் எண்ணி எடுக்கும் பழக்கமே இன்னும் நிலைபெறாத பிள்ளைக்கு இந்தக் கோல்கள் உதவா. அந்தப் பிள்ளைக்கு ஏழு என்பது ஏழு தனித்தனிப் பொருள்களாகக் கையில் வந்து போக வேண்டும். கறுப்புக் கோல் அதற்கு வெறும் கறுப்புக் கோல்தான். அவர்களுக்கு விதைகள், பொத்தான்கள், ஒன்றோடொன்று கோக்கும் கனசதுரங்கள் ஆகியவையே முதலில் பொருந்தும். இன்னொரு சிக்கல், நிறத்தை மனப்பாடம் செய்துவிடும் பிள்ளைகள். மஞ்சள் ஐந்து, சிவப்பு இரண்டு, ஆகவே கறுப்பு என்று பாட்டுப்போல் ஒப்பிப்பார்கள். கோலைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அவ்வப்போது கோல்களைத் துணிப்பைக்குள் போட்டு, பார்க்காமல் கையால் தடவி இன்ன நீளம் என்று சொல்லி எடுக்கச் செய்வது இதற்கு நல்ல மருந்து. சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கும் இந்த வழி கைகொடுக்கும். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்கு இக்குறைபாடு உண்டு. மற்ற மக்களிடையே இதன் அளவு பொதுவாகக் குறைவு என்றாலும், எந்த வகுப்பிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும் என்று எண்ணியே திட்டமிட வேண்டும். நிறம் தெரியாவிட்டாலும் நீளம் தெரியும் என்பதால், வெறும் நிறத்தை நம்பும் வேறு பல பொருள்களைவிட இது அவர்களைக் கைவிடுவது குறைவு.

இடமதிப்பு கற்பிக்கவும் கோல்கள் ஓரளவுக்கே போதும். 34 என்பதற்கு மூன்று ஆரஞ்சும் ஓர் ஊதாவும் அழகாக வந்துவிடும். நூறைத் தாண்டியதும் மேசையில் இடமும் பெட்டியில் கோல்களும் போதாமல் போகின்றன. அங்கே சோல்டான் டீனெஸ் என்ற ஹங்கேரியக் கணிதவியலாளரின் பெயரோடு அறியப்படும் பத்தடிமானக் கட்டைகள்தான் சரியான பொருள்: ஒரு சென்டிமீட்டர் கனசதுரம் ஒன்று, பத்து கனசதுர நீளமுள்ள பட்டை பத்து, பத்துக்குப் பத்துத் தட்டு நூறு, பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள பெரிய கனசதுரம் ஆயிரம். பட்டையை உடைக்க முடியாது என்பதால், பத்து ஒன்றுகளைக் கொடுத்து ஒரு பத்தை வாங்கும் இனமாற்றம் பிள்ளையின் கைவேலையாகவே நடக்கிறது. ஆயிரத்துக்கான கனசதுரத்தில் மட்டும் கவனம் தேவை. உள்ளே பொள்ளலாக இருக்கும் அந்தப் பெட்டியைப் பார்த்து, ஒவ்வொரு முகத்திலும் நூறு சதுரங்கள், முகங்கள் ஆறு, ஆகவே இது அறுநூறு என்று வாதிடும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் வாதத்தில் பிழை எங்கே என்று காட்ட, பத்துத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அருகில் வைப்பதே வழி. கோக்கும் கனசதுரங்கள் எண்ணுவதற்கும் அளப்பதற்கும் நன்று, எளிதில் கெடுவதில்லை, அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அறுங்கோணம், சரிவகம், சாய்சதுரம், முக்கோணம் முதலிய ஆறு வடிவங்களில் வரும் வடிவக் கட்டைகள் வடிவியலுக்கு அருமையானவை. ஆனால் அவற்றுக்குத் தனி மதிப்புரை வேண்டும்.

பொருளை மேசையில் பரப்பிவிட்டால் கற்றல் தானாக நடந்துவிடும் என்ற நம்பிக்கையை விற்பனை விளம்பரங்கள் வளர்க்கின்றன. 2013-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, கையாளும் பொருள்கள் குறித்த 55 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. குறியீடுகளை மட்டும் வைத்துக் கற்பிப்பதைவிடப் பொருள்களோடு கற்பிப்பது பயன் தருகிறது என்றும், கற்றதை நினைவில் வைத்திருப்பதில் அந்தப் பயன் கூடுதலாகவும், கற்றதைப் புதிய சூழலுக்குக் கொண்டு செல்வதில் குறைவாகவும் இருக்கிறது என்றும் அது காட்டியது. வகுப்பறையில் நான் காண்பதும் இதனோடு ஒத்துப்போகிறது. கோல்களை வைத்துக்கொண்டு மளமளவென்று விடை சொல்லும் பிள்ளை, அவற்றை எடுத்துவிட்டுத் தாளில் அதே கணக்கைக் கொடுத்தால் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்கும். செயல், படம், குறியீடு என்று உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் வகுத்த மூன்று நிலைகளில் நடுவில் உள்ளதைப் பலரும் தாண்டிக் குதித்துவிடுவதே இதற்குக் காரணம். குசினேர் கோல்களுக்கு அந்த நடுநிலை மிக மலிவாகக் கிடைக்கிறது: ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்ட தாளில் கோலை அப்படியே வைத்து, அதன் ஓரம் வரைந்து, நிறம் தீட்டி, அருகில் எண் வாக்கியத்தை எழுதச் சொன்னால் போதும். கோலும் படமும் எழுத்தும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் அந்த நாள்களைச் சுருக்காமல் நீட்டுவதே நல்லது.

இனி, வாங்கும்போது சோதிக்க வேண்டியவை. துல்லியம் எல்லாவற்றுக்கும் முன். பத்து வெள்ளைக் கனசதுரங்களை ஒரு நேர்ச்சட்டத்தை ஒட்டி வரிசையாக நெருக்கி வைத்து, அருகில் ஓர் ஆரஞ்சுக் கோலை வையுங்கள். ஒவ்வொரு வெள்ளையிலும் மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கே கூடியிருந்தாலும் வரிசை ஆரஞ்சைவிட 3 மில்லிமீட்டர் நீண்டுவிடும். ஒன்பதும் ஒன்றும் பத்து ஆகவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், அது சொல்வது சரி, பொருள்தான் தவறு. மரக் கோல்களில் வண்ணப்பூச்சு தடிப்பாக ஏறியிருந்தால் இந்தக் கோளாறு வரும். நெகிழிக் கோல்கள் இவ்வகையில் பெரும்பாலும் சீராக இருக்கின்றன, கழுவவும் எளிது. மேசையில் கொட்டும்போது எழும் சத்தம் மட்டும் காதைத் துளைக்கும். மேசைமேல் ஒரு தடித்த துணி விரித்தால் அதுவும் அடங்கும். நன்கு செய்த மரக் கோலின் கனமும் பிடிப்பும் எனக்குப் பிடித்தவை, ஆயினும் முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு நெகிழியையே தேர்ந்தெடுப்பேன். முனைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் வகையும் கிடைக்கிறது. ரயில் கலையாமல் இருக்கும் என்பது அதன் நன்மை. பூட்டுவதிலும் பிரிப்பதிலும் சின்னக் கைகளின் நேரம் போகும் என்பது தீமை.

சிறு துண்டுகள் பற்றிய பாதுகாப்பு எச்சரிக்கையை அலட்சியம் செய்யக் கூடாது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கான பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் கனசதுரம் அதற்குள் சுலபமாக விழுந்துவிடும். ஒன்றாம் வகுப்புக்கு இது பெரிய கவலை இல்லை. ஆனால் வீட்டுப்பாடத்துக்காகப் பெட்டியைக் கொடுத்தனுப்பினால், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று கேட்டுவிட்டே அனுப்ப வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, பரவலாக விற்கப்படும் தொடக்கநிலைப் பெட்டியில் 74 கோல்கள் இருக்கும்: வெள்ளை 22, சிவப்பு 12, இளம்பச்சை 10, ஊதா 6, மற்ற ஆறு நிறங்களிலும் நான்கு நான்கு. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி என்பது சரியான விகிதம். மூன்றாமவர் சேர்ந்தால் ஒருவர் எப்போதும் வேடிக்கை பார்ப்பவராகவே இருந்துவிடுவார். முப்பது பேர் வகுப்புக்குப் பதினைந்து பெட்டிகள், மொத்தம் 1,110 கோல்கள். இவை தரையில் உருண்டு கலந்த பின் பிரித்து அடுக்குவது ஆசிரியர் தலையில் விழாமல் இருக்க, நிறவாரியாக அறை பிரித்த தட்டோடு வரும் பெட்டியையே வாங்குங்கள். ஒவ்வொரு தட்டிலும் கோல்கள் நிறைந்து வரியாக நின்றால், குறைவது எது என்று பிள்ளைகளே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

அந்தக் கணக்கில் ஒரு போதாமை இருக்கிறது. மஞ்சள் கோலுக்கான பதினாறு ரயில்களையும் ஒரே நேரத்தில் மேசையில் கட்டி நிறுத்த 28 வெள்ளைகள் வேண்டும். பெட்டியில் இருப்பது 22. சிவப்பு 12 தேவை, அது மிகச் சரியாக இருக்கிறது. பதினாறையும் கட்டி முடிக்கப் போகும் நேரத்தில் வெள்ளை தீர்ந்துபோய்ப் பக்கத்து மேசையில் கடன் கேட்கும் காட்சியைத் தவிர்க்க வேண்டுமானால், இரண்டு இணைகளை ஒன்றாக உட்கார வைக்கலாம். அதைவிட, ஒவ்வொரு நிறத்தையும் உதிரியாகவும் விற்கும் தயாரிப்பாளரைத் தேடிப் பிடித்து, தொடக்கத்திலேயே பெட்டிக்குப் பத்து வெள்ளைகள் கூடுதலாக வாங்கிவைப்பது மேல். மேசைக்கடியிலும் அலமாரி இடுக்கிலும் முதலில் காணாமல் போவதும் அந்த வெள்ளைகள்தான்.